குதிக்காலில் ஒரு துளி இரத்தம்: பிறந்த பிள்ளைகளுக்கு வரும் தைரொயிட் குறைபாடு

(லா ஷோ-து-ஃபோனில், புதிதாக வந்த குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் எமது தொண்டர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பெரும்பாலும் பேசியபடியே தருகிறோம். கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விகளும் பதில்களும் இறுதியில் உள்ளன.)



போன மாதம் விசா, முகாம், மேன்முறையீடு பற்றிக் கதைத்தோம். இன்றைக்குப் பிள்ளைகளைப் பற்றி. இங்கே இருக்கிற தங்கச்சிமாரில் இரண்டு மூன்று பேர் பிள்ளையை எதிர்பார்த்திருக்கிறியள். சிலர் கைக்குழந்தையோடு வந்திருக்கிறியள். தம்பிமாரே, நீங்களும் கவனமாகக் கேளுங்கோ. இது பொம்பிளைகளின் விசயம் என்று வெளியிலை போய் நிற்கிறதுக்கு இல்லை. வைத்தியசாலையிலிருந்து போன் வந்தால் எடுக்கிறது அநேகமாக நீங்கள்தான்.

இந்த நாட்டில் ஒரு பிள்ளை பிறந்தால், மூன்றாம் நாள் அளவில் தாதியோ மருத்துவிச்சியோ வந்து பிள்ளையின் குதிக்காலில் சின்னதாகக் குத்தி, சில துளி இரத்தத்தைத் தடித்த கடதாசி அட்டை ஒன்றில் ஒற்றி எடுப்பார்கள். பிள்ளை வீரிட்டு அழும். தாய்க்கு நெஞ்சு பதறும். "என்னத்துக்கு இது? பிள்ளைக்கு என்ன வருத்தம்?" என்று கேட்கப் பாசை தெரியாது. சில பேர் "இரத்தம் எடுத்து எங்களைப் பற்றி ஆராயினம்" என்றுகூட நினைச்சுப் பயந்திருக்கினம்.

பயப்பிடாதேயுங்கோ. இந்த நாட்டில் பிறக்கிற எல்லாப் பிள்ளைக்கும் இதைச் செய்யினம். சுவிஸ்காரர், அகதி, பணக்காரர், ஏழை என்ற வித்தியாசம் இல்லை. பிரெஞ்சில் இதற்கு 'தெஸ்த் து குத்ரி' என்று பெயர். 1960களின் தொடக்கத்தில், கடதாசியில் காய்ந்த இரத்தத் துளியை வைத்து நோய் கண்டுபிடிக்கும் முறையைக் கொண்டுவந்த அமெரிக்க வைத்தியர் றொபேர்ட் குத்ரியின் பெயர் அது. அந்த அட்டை தபாலில் சூரிச் சிறுவர் பல்கலைக்கழக வைத்தியசாலையின் ஆய்வுகூடத்துக்குப் போகிறது. நாடு முழுவதிலும் இருந்து வருகிற அட்டைகளை அங்கேதான் பார்க்கினம். அந்தச் சில துளியில் பத்துக்கு மேற்பட்ட பிறவி நோய்களைத் தேடுகிறார்கள். அவற்றில் அடிக்கடி அகப்படுகிற ஒன்றைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

தைரொயிட் என்றால் என்ன?

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, வண்ணாத்துப்பூச்சி சிறகு விரித்த மாதிரி ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. தமிழில் கேடயச் சுரப்பி என்றும் எழுதுவார்கள். உணவில் இருக்கிற அயடீனை எடுத்து அது 'தைரொக்சின்' என்ற ஓமோனைச் செய்கிறது. உடம்பு சூடாக இருக்க, இருதயம் ஒழுங்காக அடிக்க, குடல் வேலை செய்ய, எலும்பு வளர எல்லாவற்றுக்கும் அது வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், பிறந்து முதல் இரண்டு மூன்று வருடத்தில் பிள்ளையின் மூளை வளர அது கட்டாயம் வேண்டும்.

சில பிள்ளைகளுக்கு இந்தச் சுரப்பி பிறக்கும்போதே இல்லை. சிலருக்கு இருக்கிறது, ஆனால் மிகச் சின்னது. சிலருக்குக் கழுத்தில் இருக்க வேண்டியது நாக்கின் அடியில் நின்றுவிடுகிறது. நோயுள்ள நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ எண்பது, எண்பத்தைந்து பேருக்குக் காரணம் இதுதான். மிச்சப் பேரில் பலருக்குச் சுரப்பி சரியான இடத்தில் இருக்கும், ஆனால் ஓமோன் செய்யத் தெரியாது. தொழிற்சாலை இருக்கு, மெசின் வேலை செய்யவில்லை என்று வையுங்கோவன். இதைத்தான் பிறவித் தைரொயிட் குறைபாடு என்கிறோம். பிரெஞ்சுக் கடிதத்தில் 'இப்போதிரோய்தி கொங்ஜெனித்தால்' என்று இருந்தால் அது இது.

எத்தனை பிள்ளைகளுக்கு ஒன்று?

நான் முந்திப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஆள். கணக்கு இல்லாமல் ஒரு விசயத்தைச் சொன்னால் எனக்கு மனம் ஆறாது.

சோதனை இல்லாத காலத்தில், வருத்தம் முற்றி வெளியே தெரிந்த பிறகுதான் வைத்தியர்கள் இதைக் கண்டுபிடிப்பார்கள். அப்போது ஆறாயிரம் ஏழாயிரம் பிள்ளைகளுக்கு ஒன்று என்று எண்ணியிருந்தார்கள். 1970களின் நடுவில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஜான் டுஸ்ஸோ என்ற வைத்தியர், குத்ரியின் அதே இரத்த அட்டையில் தைரொயிட்டையும் பார்க்கலாம் என்று காட்டினார். எல்லாப் பிள்ளைகளையும் பார்க்கத் தொடங்கியதும் கணக்கு மாறியது. மூவாயிரம் நாலாயிரம் பிள்ளைகளுக்கு ஒன்று என்று வந்தது. அதாவது முந்திப் பாதிப் பிள்ளைகள் கண்ணில் படாமலே போயிருக்கிறார்கள். இன்றைக்குப் பல நாடுகளில் இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு ஒன்று என்கிறார்கள். நோய் திடீரென்று பெருகியதுதான் இதற்குக் காரணம் என்று நினையாதேயுங்கோ. சோதனை நுட்பமாகியிருக்கிறது, இலேசான குறைபாடும் இப்போது அகப்படுகிறது, மாதம் காணாமல் பிறக்கும் பிள்ளைகள் முன்னரை விடக் கூடுதலாகப் பிழைக்கிறார்கள், நாடுகளின் சனத்தொகையும் கலந்துவிட்டது.

சுவிஸில் 1977 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைப் பார்க்கிறார்கள். உலகத்திலேயே முதலில் தொடங்கிய நாடுகளில் ஒன்று. இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பிள்ளைகள் பிறக்கின்றன. மூவாயிரத்துக்கு ஒன்று என்று வைத்துப் பாருங்கோ: வருடத்துக்கு இருபத்தாறு, இருபத்தேழு பிள்ளைகள். ஒரு வகுப்பறைப் பிள்ளைகள். எங்கள் நெஷாத்தெல் மாநிலத்தில் வருடத்துக்கு ஆயிரத்தைந்நூறு அளவில் பிறக்கிறதென்றால், இரண்டு வருடத்துக்கு ஒரு பிள்ளை.

"அப்ப இது அபூர்வம்தானே, எங்களுக்கு என்னத்துக்கு?" என்று கேட்பியள். இனித்தான் எங்களுக்குரிய கணக்கு வருகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் டெல்லி, மும்பாய், சென்னை, ஐதராபாத், கல்கத்தா ஆகிய ஐந்து இடங்களில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்து 2018 இல் முடிவை வெளியிட்டது. அங்கே 1,130 பிள்ளைகளுக்கு ஒன்று. தென்னிந்தியாவில் மட்டும் பார்த்தால் 727 பிள்ளைகளுக்கு ஒன்று. பிரித்தானியாவிலும் தெற்காசியப் பெற்றோருக்குப் பிறக்கிற பிள்ளைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. எங்கள் ஆக்களில் ஏன் கூட என்பதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. சொந்தத்துக்குள் கலியாணம் ஒரு காரணம், அதைப் பிறகு சொல்லுறன். இப்ப மனதில் வைக்க வேண்டியது, இது வெள்ளைக்காரரின் வருத்தம் இல்லை, எங்களுக்கும் உரிய வருத்தம் என்பதுதான்.

எங்கள் ஊர் நிலவரமும் கேளுங்கோ. இலங்கையில் இந்தச் சோதனைத் திட்டம் 2010 இல் தென் மாகாணத்தில் தொடங்கி, பிறகுதான் மற்ற மாகாணங்களுக்குப் பரவியது. ஆகவே வடக்குக் கிழக்கில் பிறந்த எங்கள் தலைமுறை ஒருவருக்கும் குதிக்காலில் குத்தவில்லை. பின்வாங்கில் ஒன்றில், வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாமல், எழுத்துக் கூட்ட முடியாமல், "மந்தம்" என்ற பெயரோடு ஒரு பிள்ளை இருந்ததை நீங்களும் கண்டிருப்பியள். அவர்கள் எல்லாருக்கும் காரணம் தைரொயிட் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சிலருக்கு அதுவாக இருந்திருக்கலாம். நாளுக்கு ஒரு சின்னக் குளிசை போதுமாயிருந்திருக்கும். சோதிக்க ஒரு வழி இருக்கவில்லை.

பிறந்தவுடன் ஏன் தெரிவதில்லை?

இந்த வருத்தத்தின் பொல்லாத குணம் இதுதான். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது தாயின் தைரொக்சின் கொஞ்சம் நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. ஆகவே பிறக்கும்போது பிள்ளை நல்ல பிள்ளை. நிறை சரி, நிறம் சரி, அழுகை சரி. பெரும்பாலான பிள்ளைகளைப் பார்த்து அனுபவமுள்ள வைத்தியராலும் சொல்ல முடியாது. தாய் தந்தது முடிய முடிய, நாட்போக்கில் அடையாளம் மெல்ல மெல்ல வரும்.

அடையாளங்கள் என்ன? மஞ்சள் காமாலை இரண்டு கிழமைக்கு மேலும் மாறாமல் நிற்கிறது. பிள்ளை எந்நேரமும் நித்திரை, பால் குடிக்க எழுப்ப வேண்டியிருக்கும். மலச்சிக்கல். அழுகைச் சத்தம் கரகரத்து அடைத்த மாதிரி. நாக்குப் பெரிதாக வெளியே தள்ளும். தொப்புள் பிதுங்கும். கைகால் குளிர்ந்து, தோல் வறண்டு, முகம் ஊதினமாதிரி இருக்கும்.

எங்கள் வீடுகளில் என்ன சொல்லுவினம்? "பொன்னான பிள்ளை, அழுகிறதே இல்லை, இராமுழுக்க நித்திரை." அம்மம்மா போனில் கேட்டுச் சந்தோசப்படுவா. காமாலைக்கு "வெயிலிலை பிடியுங்கோ" என்பா. அமைதியான பிள்ளை எல்லாம் வருத்தக்காரப் பிள்ளை இல்லை. ஆனால் அளவுக்கு மிஞ்சிய அமைதியை ஒருமுறை வைத்தியரிடம் சொல்லிவிடுங்கோ. சொன்னால் குறைந்து போகமாட்டம்.

அடையாளம் எல்லாம் தெளிவாகத் தெரிகிற வரைக்கும் காத்திருந்தால், மூளைக்கு வேண்டிய நேரம் போய்விடும். போன உயரத்தைப் பின்னர் மருந்து தந்து ஓரளவு பிடிக்கலாம். போன மூளை வளர்ச்சியைத் திரும்பப் பிடிக்கிறது மிகக் கஷ்டம். அதனால்தான் பிறந்து இரண்டு கிழமைக்குள் மருந்து தொடங்க வேண்டும் என்று வைத்தியர்கள் அவசரப்படுகிறார்கள். அந்த நேரத்துக்குள் தொடங்கி ஒழுங்காகக் கொடுத்தால், பிள்ளை மற்றப் பிள்ளைகள் மாதிரியே வளர்ந்து, படித்து, விளையாடித் திரியும்.

இந்த மலைநாட்டின் பழைய கதை

இந்த நாட்டுக்காரருக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று நினைப்பியள். அதற்கு ஒரு சரித்திரம் இருக்கு. அல்ப்ஸ் மலைப் பகுதி மண்ணிலும் தண்ணீரிலும் அயடீன் குறைவு. நூறு வருடத்துக்கு முன் இங்கே எத்தனையோ கிராமங்களில் கழுத்தில் கண்டமாலை தொங்காத குடும்பம் இல்லை. தாய்க்கு அயடீன் கடுமையாகக் குறைந்த இடங்களில் செவிடாய், ஊமையாய், புத்தி வளர்ச்சி இல்லாமல் பிள்ளைகள் பிறந்தார்கள். பேர்ண் நகர அறுவை வைத்தியர் தியோடர் கோகர் இந்தச் சுரப்பி பற்றிய வேலைக்காக 1909 இல் நோபல் பரிசு பெற்றார். சுரப்பியை முழுதாக வெட்டி எடுத்துவிட்டால் மனிதர் மந்தமாகிப் போவதை அவர் 1883 இலேயே எழுதிவைத்தார்.

பிறகு வலே மாநிலத்தில் ஒட்டோ பயார்ட் என்ற கிராமத்து வைத்தியர், உப்பில் மிகச் சிறிதளவு அயடீன் கலந்து சனங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். கண்டமாலை சுருங்கியது. 1922 இல் அப்பென்செல் அவுசர்ரோடன் மாநிலம் அயடீன் உப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. அயடீன் குறைவால் வந்த அந்தப் பிறவி ஊனம் சில பத்து ஆண்டுகளுக்குள் இந்த நாட்டை விட்டே போனது. இலங்கையிலும் 1995 முதல் உணவு உப்பில் அயடீன் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

"உப்புப் போட்டுத் தீர்ந்த நோயை இன்னும் ஏன் சோதிக்கினம்?" நல்ல கேள்வி. உப்பு, மூலப்பொருள். மூலப்பொருள் இல்லாத தொழிற்சாலைக்கு உப்பு உதவும். தொழிற்சாலையே இல்லாத பிள்ளைக்கு எவ்வளவு அயடீன் கொடுத்தும் பிரயோசனம் இல்லை. முதலாவதை உப்புத் தீர்த்தது. இரண்டாவதுக்குத்தான் குதிக்கால் இரத்தமும் குளிசையும்.

ஆனாலும் கர்ப்பிணித் தாய்மார் அயடீன் சேர்ந்த உப்பையே வாங்குங்கோ. இங்கே கடையில் இரண்டு வகையும் இருக்கும். பொதியில் 'ஸெல் யோடே' என்று இருக்கிறதா என்று பாருங்கோ, இல்லாவிட்டால் கடைக்காரரைக் கேளுங்கோ. அதற்காக அயடீன் குளிசையைத் தன்பாட்டில் வாங்கி விழுங்கக் கூடாது. அயடீன் கூடினாலும் பிள்ளையின் தைரொயிட் குழம்பும். வைத்தியரைக் கேட்டு எடுங்கோ.

எங்கள் நிலைமையில் எது பிழைக்கும்?

இனிச் சொல்லுறதுதான் இன்றைய கூட்டத்தின் முக்கியமான பகுதி. இந்த நாட்டு ஒழுங்கு நல்லது. ஆனால் அது ஒரு விசயத்தை நம்பி இருக்கிறது: பிள்ளையைத் தேடினால் பிள்ளை அகப்படும் என்று. ஒரே விலாசத்தில் பத்து வருடம் இருக்கிற குடும்பத்துக்கு அது சரி. எங்களுக்கு?

கூட்டாட்சி மையத்தில் ஆகக் கூடியது 140 நாட்கள். பூத்ரியில் இருந்தவர் அடுத்த மாதம் வேறு மாநிலத்தில். போன் சிம் மாறும். பெயரை ஒரு கடதாசியில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் எழுதியிருப்பினம். தகப்பன் பெயர் குடும்பப் பெயராகி, பிள்ளையின் பெயர் தாயின் பெயரோடு பதிந்திருக்கும். முடிவு சரி என்றால் உங்களுக்கு ஒருவரும் அறிவிக்கமாட்டினம், அதுதான் இங்கத்தைய வழக்கம். முடிவில் சந்தேகம் இருந்தால் மட்டுமே தேடுவார்கள். அந்த நேரம் நீங்கள் எங்கே?

ஒரு குடும்பத்தின் கதை சொல்லுறன், பெயர் வேண்டாம். பிள்ளை பிறந்து ஆறாம் நாள் தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து மூன்றுதரம் போன் வந்திருக்கு. தகப்பன் எடுக்கவில்லை. நேர்முக விசாரணைக்குக் கடிதம் பார்த்துக்கொண்டிருந்த நேரம், "பொலிசோ தெரியாது, பிரெஞ்சிலை என்னெண்டு கதைக்கிறது" என்று விட்டுவிட்டார். அடுத்த நாள் தாயைப் பார்க்க வந்த மருத்துவிச்சிக்கு விசயம் தெரிந்து, நின்ற நிலையில் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு போனா. இரண்டாவது சோதனையிலும் குறைபாடு உறுதியானது. பத்தாம் நாள் குளிசை தொடங்கியாச்சு. அந்தப் பெடிச்சி இப்ப இந்த ஊரிலேயே பள்ளிக்கூடம் போகிறாள், எனக்குப் பிரெஞ்சுப் பிழை திருத்துகிறாள். அன்றைக்கு மருத்துவிச்சி வராத நாளாக இருந்திருந்தால்? அதை நினைச்சுத்தான் இந்தப் பேச்சு.

ஆகவே இவற்றைச் செய்யுங்கோ:

1. பிள்ளை பிறந்த இடத்தை விட்டு வெளிக்கிட முன்னம் "தெஸ்த் து குத்ரி?" என்று கேளுங்கோ. இரண்டு சொல் போதும். எடுத்தாச்சா, இல்லையா என்று சொல்லுவினம். எங்கள் மாநில வைத்தியசாலையின் பிரசவப் பகுதி நெஷாத்தெல் நகரில் பூர்த்தலேஸில் இருக்கிறது. வெள்ளெனத் துண்டு வெட்டி வந்தால் மருத்துவிச்சி தங்குமிடத்துக்கே வந்து எடுப்பா. வராவிட்டால் பேசாமல் இராதேயுங்கோ.

2. வேலை செய்கிற போன் இலக்கம் ஒன்றைக் கொடுங்கோ. உங்களுடையதோடு, பாசை தெரிந்த நம்பிக்கையான ஒருவருடையதையும் கொடுங்கோ.

3. மாற்றம் வந்தால், அதாவது மையம், வீடு, மாநிலம் எது மாறினாலும், பிள்ளைக்கு முதல் மாதம் முடியவில்லையென்றால் அன்றைக்கே மையத்துத் தாதிக்கும் பிள்ளை வைத்தியருக்கும் சொல்லுங்கோ. புது விலாசத்தை எழுதிக் கொடுங்கோ.

4. பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தை, 'கார்னே து சாந்தே', விசாக் கடதாசியோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கோ.

5. தெரியாத இலக்கம் என்றாலும் அந்த நாட்களில் போனை எடுங்கோ. "தமூல், அந்தெர்ப்ரெத்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று விளங்கிக்கொள்ளுவினம். அவர்களிடம் தொலைபேசி மூலமான மொழிபெயர்ப்பு வசதி இருக்கிறது.

6. வரச் சொன்னால் அன்றைக்கே போங்கோ. துடக்கு, முப்பத்தொன்று கழியவில்லை, செவ்வாய்க்கிழமை, இராகு காலம் ஒன்றும் பார்க்க வேண்டாம். முப்பத்தொன்று கழிய என்று காத்திருந்தால் மருந்து தொடங்க வேண்டிய நாள் கடந்துவிடும். எங்கள் முன்னோர் துடக்கை வைத்தது தாயும் பிள்ளையும் நல்லா இருக்கத்தான். வைத்தியரிடம் போகிறதும் அதற்குத்தான்.

திரும்பக் கூப்பிட்டால் நோய் என்று அர்த்தமா?

இல்லை. இதை வடிவாகக் கேளுங்கோ. திரும்பக் கூப்பிடுகிற பிள்ளைகள் எல்லாருக்கும் நோய் இருக்காது. பிறந்த முதல் ஒன்றிரண்டு நாளில் ரி.எஸ்.எச். என்ற ஓமோன் எல்லாப் பிள்ளைக்கும் ஏறி, பிறகு இறங்கும். அதனால்தான் மூன்றாம் நாள் அளவில் எடுக்கிறார்கள். வெள்ளென எடுத்தால், மாதம் காணாத பிள்ளையாக இருந்தால், காயத்துக்குப் பூசுகிற மண்ணிற அயடீன் மருந்து தாயிலோ பிள்ளையிலோ கூடுதலாகப் பட்டிருந்தால், முடிவு குழம்பலாம். சிலருக்குக் குறைபாடு தற்காலிகமானது, பிறகு மாறிவிடும். ஆகவே கூப்பிட்டவுடன் குளறி அழவும் வேண்டாம், "ஒன்றும் இராது" என்று விடவும் வேண்டாம். போய்ப் பார்த்தால் தெரியும்.

உறுதியானால் மருந்து ஒன்றுதான்: லெவோதைரொக்சின். சுரப்பி செய்ய வேண்டிய அதே பொருளைக் குளிசையாகத் தருகிறார்கள். தொடங்கும்போது பிள்ளையின் நிறையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம், நாளுக்கு ஒரு தடவை. அளவை வைத்தியர்தான் தீர்மானிப்பார். குளிசையை நசித்து, ஒரு கரண்டி தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்து, ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் கொடுங்கோ. முழுப் பால்போத்தலில் கலக்காதேயுங்கோ, மிச்சம் விட்டால் மருந்தும் மிச்சம் போய்விடும். சோயாப் பால்மா, இரும்புச்சத்து, கல்சியம் மருந்துகள் இதை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும், ஆகவே அவற்றைத் தருகிறதென்றால் வைத்தியரிடம் நேர இடைவெளி கேளுங்கோ. தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

முதலில் ஒன்றிரண்டு கிழமைக்கு ஒருமுறை, பிறகு சில மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்ப்பினம். பிள்ளை வளர வளர அளவும் மாறும். "இப்ப நல்லா இருக்குத்தானே" என்று நீங்களாக நிற்பாட்டக் கூடாது. நல்லா இருக்கிறது மருந்தாலேதான். குறைபாடு தற்காலிகமாக இருக்கலாம் என்று கருதினால், மூன்று வயதளவில் வைத்தியரே நிறுத்திப் பார்ப்பார். இன்னொரு மையத்துக்கு மாறும்போது குளிசைப் பெட்டியும் மருந்துச் சீட்டும் கையில் இருக்க வேண்டும், பயணப் பெட்டியின் அடியில் இல்லை.

ஒருதரையும் குற்றம் சொல்லாதேயுங்கோ

இப்படி ஒன்று வந்தால் எங்கள் வீடுகளில் முதலில் தாயைத்தான் பார்ப்பினம். "நீ என்ன சாப்பிட்டனி, எங்க விழுந்தனி, கிரகணத்திலை வெளியிலை போனியோ." ஒன்றும் இல்லை. சுரப்பி வளராத பிள்ளைகளில் பெரும்பாலும் அது தற்செயலாக நடப்பது. தாயின் சாப்பாட்டாலும் இல்லை, கண்ணூறாலும் இல்லை, பிள்ளையின் சாதகத்தாலும் இல்லை.

ஓமோன் செய்யத் தெரியாத வகை மட்டும் அநேகமாகப் பரம்பரை வழி. தாயும் தகப்பனும் தங்களுக்குத் தெரியாமலே அதே குறையைக் காவினால், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மச்சான் மச்சாள் முடித்த இடங்களில் இருவரும் ஒரே குறையைக் காவ இடம் கூட. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வைத்தியர் கேட்டால் "நாங்கள் சொந்தம்" என்று உண்மையைச் சொல்லுங்கோ. அடுத்த பிள்ளைக்கு அது உதவும்.

இன்னொன்று, ஒளிக்கிறது. "பெம்பிளைப் பிள்ளை, நாளைக்கு ஒரு சம்பந்தம் பேசேக்கை" என்று நினைத்து, முகாமில் மற்றவைக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று, குளிசையைப் பதுக்கிப் பதுக்கிக் கொடுக்கப் போய் விடுபட்டுப் போகும். இந்தக் குறைபாடு ஆம்பிளைப் பிள்ளைகளை விடப் பெண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆகவே இந்தப் பயமும் பெண்பிள்ளைகளின் தலையில்தான் கூட விழுகிறது. ஊருக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் மருந்து கொடுக்கிற நேரம் வெட்கம் வேண்டாம்.

கூட்டத்தில் கேட்கப்பட்டவை

கேள்வி: பிள்ளை இங்கே பிறக்கவில்லை அக்கா. வாற வழியில் வேறு நாட்டில் பிறந்தவன், நாலு மாதம். குதிக்காலில் குத்தினதாகத் தெரியாது.

பதில்: நல்ல கேள்வி. எல்லா நாட்டிலும் இந்தச் சோதனை இல்லை. நாளைக்கே மையத்துத் தாதியிடம் சொல்லிப் பிள்ளை வைத்தியரைப் பார்க்க நேரம் எடுங்கோ. "சோதனை செய்ததாகத் தெரியாது" என்று தெளிவாகச் சொல்லுங்கோ. சாதாரண இரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம். ஊரில் பிறந்த சின்னப் பிள்ளைகளோடு வந்தவர்களுக்கும் இதே பதில்.

கேள்வி: காசு ஆர் கட்டுறது?

பதில்: தஞ்சம் கேட்டவர்களுக்கும் கட்டாய மருத்துவக் காப்புறுதி இருக்கிறது. பிறந்த பிள்ளையின் இந்தச் சோதனை அதில் அடங்கும். தாய்க்குக் கர்ப்பத்தின் 13 ஆம் கிழமையிலிருந்து பிரசவத்துக்குப் பிறகு 8 கிழமை வரை வைத்தியச் செலவில் பங்கு கேட்கமாட்டார்கள். பிறவி நோய்க்கான செலவைச் சில நிபந்தனைகளோடு வலுவிழப்புக் காப்புறுதி ஏற்கும். அது ஏற்காவிட்டால் மருத்துவக் காப்புறுதி ஏற்க வேண்டும் என்பது சட்டம். எதுவானாலும் பிள்ளைக்கு மருந்து நிற்காது. பில் கடிதம் வந்தால் குப்பையில் போடாமல் உங்கள் சமூக உதவியாளரிடமோ எங்களிடமோ கொண்டு வாங்கோ.

கேள்வி: இந்த இரத்தத்தை வைச்சு எங்கட கேசுக்கு ஏதும் செய்வினமோ? டி.என்.ஏ. மாதிரி?

பதில்: இந்தச் சோதனை நோய் தேடுவதற்கு மட்டும். வைத்தியர்கள், மருத்துவிச்சிமார் தொழில் இரகசியம் காக்க வேண்டும் என்று குற்றவியல் சட்டத்தின் 321 ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் தஞ்ச அதிகாரிகளுக்குச் சொல்ல முடியாது. உங்களுக்கு விருப்பம் இல்லையென்றால் சோதனையை மறுக்கவும் உரிமை இருக்கிறது. ஆனால் ஒரு பயத்துக்காக மறுத்துப் பிள்ளையின் படிப்பை இழக்காதேயுங்கோ.

கேள்வி: பிள்ளைக்கு இந்த வருத்தம் எண்டால் விசாவுக்கு உதவுமோ?

பதில்: பச்சையாகச் சொல்லுறன், இதை வைத்து முடிவை எதிர்பார்க்காதேயுங்கோ. மருந்தால் கட்டுப்படுத்தக் கூடிய நோய் இது. ஆனால் வைத்தியரின் கடிதத்தை உங்கள் சட்டப் பிரதிநிதியிடம் காட்டுங்கோ. எதைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று அவர் சொல்லுவார். 2019 மார்ச் முதல் கூட்டாட்சி மையத்தில் இருப்பவர்களுக்குச் சட்டப் பிரதிநிதி இலவசம். நோயைப் பெருப்பித்தும் சொல்லாதேயுங்கோ, மறைத்தும் சொல்லாதேயுங்கோ.

கேள்வி: எனக்கே தைரொயிட் இருக்கு, குளிசை குடிக்கிறன். இப்ப ஐந்து மாதம்.

பதில்: நீங்கள் கட்டாயம் முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும் தங்கச்சி. ஊரிலிருந்து கொண்டுவந்த குளிசைப் பெட்டியைக் காட்டுங்கோ. கர்ப்ப காலத்தில் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். குளிசை முடிஞ்சால் ஒருநாளும் பொறுத்திருக்காதேயுங்கோ. தைரொயிட் கூடி வேலை செய்கிறதற்கு மருந்து எடுப்பவர்களும் சொல்ல வேண்டும், அந்த மருந்து பிள்ளையின் சுரப்பியையும் தொடும்.

எங்கள் அலுவலகத்தில் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒரு சின்ன அட்டை எழுதித் தருகிறோம். ஒரு பக்கம் உங்கள் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில், போன் இலக்கம், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்ற வசனம். மறுபக்கம் 'தெஸ்த் து குத்ரி' எடுத்த திகதிக்கு ஒரு வெற்றிடம். அதை வைத்தியசாலையில் நிரப்பித் தரச் சொல்லுங்கோ. போகும்போது மேசையிலிருந்து ஒன்று எடுத்துக்கொண்டு போங்கோ. பக்கத்து அறைத் தங்கச்சிக்கும் ஒன்று எடுங்கோ.